ராயபுரத்தில் ஒரு கொலைகூடச் செய்யாதவர்

என் வாழ்நாளில் நான் துப்பறிந்தது ஒரே ஒரு வழக்கு. அதைத் தீர்த்து வைத்தவர் வேறொருவர். அப்போது எனக்குப் பத்து வயது. ராயபுரத்தில் மற்றப் பெண் குழந்தைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் போகிற வருகிறவர்களின் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம், எங்கள் பேட்டையில் குடியிருந்த ஒரு நாவலாசிரியர்.

பகலில் அவர் துறைமுகத்தில் சரக்குச் சீட்டு எழுதும் குமாஸ்தா. சாயந்திரமானால் அதே சீட்டுகளின் முதுகில் மாதம் ஒரு துப்பறியும் நாவல். மாலுமிகள் படித்துப் போட்டுவிட்டுப் போகும் ஆங்கிலப் புத்தகங்களை அவர் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் பொறாமைக்காரர்கள் இருந்தார்கள். இருக்கட்டுமே. லண்டன் பனிமூட்டத்தில் செத்துப்போன பிரபுவை மயிலாப்பூர் மாடி வீட்டில் வக்கீலாக மறுபடி சாகவைப்பதற்கும் ஒரு கை வேண்டும். அவருடைய ஒவ்வோர் அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டுவதில் முடியும். இன்று நகைச்சுவை என்ற பெயரில் நான் எழுதிப் பிழைப்பதில் எங்காவது வேகம் இருந்தால் அது அந்தக் கதவுகள் கற்றுக்கொடுத்தது. வேகம் இல்லாத இடங்கள் என் சொந்தச் சரக்கு.

அவருடைய ஐம்பதாவது நாவல் வெளிவந்ததும் வாசகசாலைக்காரர்கள் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். காரியதரிசி என் அப்பா. சரிகைச் சால்வை போடலாம் என்றார்கள் பலர். துப்பறியும் நாவல் எழுதுகிறவருக்குப் பூதக்கண்ணாடிதான் பொருத்தம் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். மவுண்ட் ரோடிலிருந்து வெள்ளிப் பிடி போட்ட கண்ணாடி ஒன்று, நீல வெல்வெட் பெட்டியில் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை அது எங்கள் வீட்டு அலமாரியில் வைக்கப்பட்டது. கூட்டம் ஞாயிறு சாயந்திரம்.

இங்கே அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் அக்கா. மாமா போனபிறகு எங்களோடு இருந்தாள். அந்த நாவல்கள்மேல் அவளுக்கிருந்த பக்தி மாதா கோயில் சாமியாருக்குத் தெரிந்திருந்தால், பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட வேண்டிய பாவங்களோடு அதையும் சேர்க்கச் சொல்லியிருப்பார். ஆனால் அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆள் தெரியும், பொடி எழுத்து தெரியாது. ஆகவே நான்தான் படித்துக் காட்டவேண்டும். வீட்டில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. ஒரு தாசில்தாரைப் போல அதைச் செலுத்தினேன். கதவு தட்டப்படும் இடம் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். கமர்கட்டு வந்தால்தான் கதவு திறக்கும். நிலா வர்ணனைகளை அவளைக் கேட்காமலே தாண்டிவிடுவேன். ரொம்பக் கோபம் வந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கொலைகாரன் பெயரைச் சொல்லிவிடுவேன்.

ஐம்பதாவது நாவல் பதினோராவது அத்தியாயத்தில் நின்று நாலு நாள் ஆகியிருந்தது. என்னை இழுத்து உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் தேய்த்ததற்கு அத்தைக்கு நான் விதித்த தண்டனை அது. தினமும் வந்து நிற்பாள்.

"கதவாண்ட யாரு நிக்கிறான்னு மட்டும் சொல்லிடு கண்ணு."

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பேன்.

அத்தை விடியற்காலைப் பூசைக்குப் போய் வந்துவிடுவாள். நாங்கள் மூவரும் இரண்டாம் பூசைக்குப் போவோம். அந்த ஞாயிறு நாங்கள் திரும்பி வந்ததும், ஆசையாக இன்னொரு முறை பார்க்கலாமென்று அப்பா பெட்டியைத் திறந்தார். வெல்வெட்டில் கண்ணாடி படுத்திருந்த பள்ளம் இருந்தது. கண்ணாடி இல்லை.

பேட்டைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிய பொருள். சாயந்திரத்துக்குள் கிடைக்காவிட்டால் காரியதரிசியே விழுங்கிவிட்டார் என்ற பேச்சு காசிமேடு வரைக்கும் போகும். அம்மா மெத்தையை உதறினாள். அப்பா அரிசிப் பானைக்குள் கையை விட்டார். நான் மட்டும் பதறவில்லை. இப்படி ஒரு நாளுக்காகத்தானே படித்துப் படித்துத் தயாராகியிருந்தேன். குனிந்து தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து அலமாரி வரைக்கும் ஈரக் காலடிகள்.

ஈரக்காலோடு எங்கள் வீட்டுக்குள் வருகிறவள் ஒருத்திதான். தெருக்குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் அம்மாள். அலமாரிக்குப் பக்கத்தில்தான் குடிதண்ணீர்ப் பானை இருந்தது என்ற சின்ன விஷயம் என் தர்க்கத்தில் இடம்பெறவில்லை. அவள் அடுத்த குடத்தோடு உள்ளே வந்தபோது, நாவலில் வருவதுபோல விரலை நீட்டினேன்.

"நைனா, இவங்க காலைப் பாரு. அளவு சரியா கீது."

அவள் குடத்தை இறக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்லுது உங்க பொண்ணு? எட்டு வருசமா இந்த வூட்டுக்குத் தண்ணி ஊத்திகினு கீறேன். ஒரு கரண்டி காணாம பூட்ச்சா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செருப்பைத் தேடினார். தெருமுனையில் போலீஸ்காரர் நிற்பார். தண்ணீர் அம்மாளுக்கும் அது புரிந்தது.

"கூட்டியாங்க. அவரு தேடிட்டு ஒண்ணுமில்லன்னு பூடுவாரு. அதுக்கப்புறம் இந்தத் தெருவுல எந்த வூட்ல என்ன உள்ள வுடுவாங்க?"

அத்தை ஜன்னலோரக் கட்டிலில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போகிறவள்போல இரண்டு முறை கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். இரண்டு முறையும் கை நழுவிவிட்டது.

அப்பா வாசற்படி இறங்கும்போது எதிரே குடையை மடக்கிக்கொண்டு நாவலாசிரியர் வந்தார். அன்று பகல் விருந்து எங்கள் வீட்டில் என்பதை எல்லாரும் மறந்திருந்தோம். நான் ஓடிப்போய், ஒரு துப்பறிவாளர் இன்னொருவருக்குச் சொல்லும் தோரணையில், வழக்கை முழுவதும் ஒப்பித்தேன். அவர் காலடிகளைப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் பானையைப் பார்த்தார். பிறகு, என் புஸ்தகமெல்லாம் படிப்பியா என்று என்னைக் கேட்டார்.

"நான்தான் அத்தைக்கே படிச்சுக் காட்றேன். அவங்களுக்குப் பொடி எழுத்து தெரியாது. இந்தவாட்டி பதினொண்ணாவது அத்தியாயத்தோட நிறுத்தி வச்சிகீறேன்" என்றேன். ஏன் என்றார். எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர், மெச்சிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

முக்காலியை இழுத்து அத்தை பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க யார் மேலக்கா சந்தேகப்படறீங்க?"

அத்தை புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் மடியிலிருந்த அந்தப் புத்தகத்தைக் காட்டினார். "கதையில கேக்கறேன்."

அத்தையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த நாவல்களைப் பற்றி அவளிடம் அபிப்பிராயம் கேட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"எல்லாரும் அந்த டாக்டரத்தான் சொல்லுவாங்க தம்பி. எனக்கு மச்சான்காரன் மேலதான். பதினாலாவது அத்தியாயத்துல கையுறைய அடுப்புல போட்டு எரிச்சான் பாருங்க, அப்பவே..."

அங்கே நிறுத்திவிட்டாள். குடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் ஒரு நூலை வைத்துக் காலடியை அளந்துகொண்டிருந்தேன். மச்சான்காரனை நான் ஏற்கெனவே கடைசிப் பக்கத்தில் பார்த்திருந்ததால், பரவாயில்லை, அத்தைக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

அவர் எழுந்து அப்பாவிடம் போனார்.

"தப்பு என்னுது. காலைப் பூசைல அக்காவப் பாத்தேன். எனக்கு அந்தக் கண்ணாடி வாணாம், கண்ணு மங்கின வாசகருங்க யாருக்காவது இருக்கட்டும், நீங்களே எடுத்து வச்சிக்கங்கன்னு சொல்லிட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்றதுக்கு மறந்துட்டேன்."

அவர் கோயில் பக்கம் போய்ப் பல வருஷம் ஆயிற்று என்பது பேட்டைக்கே தெரியும். அதைச் சுட்டிக்காட்ட நான் வாயைத் திறந்தேன். அம்மா பொத்திவிட்டாள். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். அத்தை தலையணைக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

தண்ணீர் அம்மாளிடம் திரும்பி, என்னால உங்களையும் நிக்க வச்சிட்டேன் என்று கைகூப்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்தாள், கொஞ்ச நேரம். பிறகு, "கெடச்சா சரி நைனா" என்று சொல்லிவிட்டு, பானையில் தண்ணீரை ஊற்றினாள். அம்மா என் காதைப் பிடித்து அவளிடம் மன்னிப்புக் கேட்கவைத்தாள். திறமையுள்ளவர்களுக்கு இந்த உலகம் செய்யும் அநீதி என்று அதை எடுத்துக்கொண்டேன்.

சாயந்திரம் கூட்டம் அமோகமாக நடந்தது. வெல்வெட் பெட்டியை மூடியபடியே அப்பா மேடையில் கொடுத்தார். அவர் திறந்து பார்க்காமல் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வாழ்த்துப் பாக்கள் முடிந்ததும் ஹார்பரில் படகு ஓட்டும் ஒருவர் எழுந்து, ரொம்ப நாள் மனக்குறை ஒன்றைக் கேட்டுவிட்டார்.

"மைலாப்பூர்ல கொலை, எழும்பூர்ல கொலை. அம்பது புஸ்தகத்துல நம்ம ராயபுரத்துக்கு ஒண்ணு கூடவா இல்ல? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

சிரிப்பு அடங்கும்வரை நாவலாசிரியர் காத்திருந்தார்.

"நம்ம பேட்டைல எல்லாரையும் எனக்குத் தெரியுதே வாத்தியாரே. யாரப் புடிச்சிக் குடுக்கறது?"

கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. அப்பாவும் தட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் தட்டவில்லை. காலடியை அளக்காமல், யாருக்கும் விலங்கு மாட்டாமல், ஒரு நல்ல வழக்கை வீணாக்கியவர். இவரையா பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன் என்று இருந்தது.

அதற்குப் பிறகு அவர் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாவல் எழுதியிருப்பார். இன்று மூர்மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடினாலும் ஒன்று அகப்படுவதில்லை. அகப்பட்டால் முதல் அத்தியாயத்திலேயே கொலைகாரனைச் சொல்லிவிடும் அளவுக்கு நான் படித்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, போனால் போகிறது, அத்தையை மன்னித்து மீதியைப் படித்துக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். அவள் ஜன்னலோரம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு வரியாக, எந்த வரியையும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்சம் இருமிக்கூடப் பார்த்தேன்.

"நீ போய் வெளையாடு கண்ணு" என்றாள், தலை நிமிராமல்.

குரலில் கோபமே இல்லை. என்னை மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கிடைத்த விடுமுறை கைநழுவிப் போவதற்குள் தெருவுக்கு ஓடினேன்.