சாஃப்ட் மூட்டை

ஷூ கம்பெனியில் எனக்குப் பதினெட்டு வருடமும் ஷூவின் உள்பக்கம் ஒட்டும் லைனிங் டேபிள்தான். ஆர்டர் குறைந்து எங்களை நிறுத்தியபோது, பக்கத்து வீட்டு அக்கா தான் வேலை பார்க்கும் கல் யூனிட்டுக்கு என்னையும் அழைத்துப் போனாள். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் குப்பையைத் தூளாக்கி, மணலோடு சேர்த்து உருக்கி, அச்சில் அழுத்திச் செங்கல் மாதிரி எடுப்பார்கள். ஊர்க் குப்பையோடு ஷூ கம்பெனிகளின் கழிவும் கலந்து வரும்.

அக்கா உருக்கும் மிஷினில் நின்றாள். எனக்குப் பிரிக்கும் வேலை. முதலாளி படித்த இளைஞர். முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"அக்கா, சாஃப்ட் எல்லாம் இந்த மூட்டை. ஹார்டு அந்த மூட்டை. சாஃப்ட் மட்டுந்தான் மிஷினுக்குப் போவணும்."

அவர் சொன்ன சாஃப்ட், பால் கவரும் கேரி பேக்கும். எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, மடித்தால் மடங்க வேண்டும். அதுதான் சாஃப்ட். லைனிங்குக்குப் போடும் ரெக்சின், அதாவது செயற்கைத் தோல் துண்டுகள் வந்தபோது என் கை பழகிய சாமானாயிற்றே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். தேய்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தது. சாஃப்ட் மூட்டையில் போட்டேன்.

மறுநாள் மதியம் அந்த நெடி வந்தது. கம்பெனியில் தோலா ரெக்சினா என்று பார்க்க ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டுவோம். தோல் என்றால் முடி கருகுகிற வாசம். ரெக்சின் என்றால் விஷப் புகை, மூக்கைக் குத்தித் தொண்டையைப் பிடிக்கும். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "இன்னாடி நாத்தம் இது? தோல் ஊறப்போடுற ஷாப்பே தேவலாம் போல கீது!"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எதுனா பேசேன்டி. வாயில ஷூ ஒட்டுற சொல்யூஷன் தடவி ஒட்டிக்கினியா?"

நானும் சிரித்தேன். முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கட்டும், போய்ச் சொல்லிவிடலாம் என்று நின்றேன். முடித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூட்டையில் மேலாகக் கிடந்த துண்டுகளை மட்டும் யாருக்கும் தெரியாமல் பொறுக்கி எடுத்தேன். மீதி ஏற்கெனவே தூளாகிக் கலந்திருந்தது. அந்தத் தூள் தீரும்வரை, மூன்று நாள், அக்கா மிஷினுக்கு எதிரில் நின்றாள்.

நாலாம் நாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புகை பட்டு நுரையீரல் கெட்டிருக்கிறது, இனி மிஷின் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். "ஏதோ வேற சரக்கு கலந்துடுச்சு போல" என்றார் முதலாளி. யார் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அக்கா வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகியும் நாலு படி ஏற முடியவில்லை. தெருவே கேட்கும் குரல், இப்போது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். தினமும் கஞ்சி கொண்டுபோவேன். ஒரு நாள் சொன்னாள்.

"அந்த மூணு நாளுதான்டி என்ன சாச்சிடுச்சு. எந்த பேமானி இன்னாத்த போட்டானோ."

"நான்தான்கா போட்டேன். லைனிங் ரெக்சின். சாஃப்ட்னு நெனச்சுட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னையே பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சிச்சு?"

"நாத்தம் வந்த அன்னிக்கே."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இழுத்து இழுத்து மூச்சு விடும்போது முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. கஞ்சியை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவள் மகள் வந்து, மூடி திறக்காத கஞ்சிப் பாத்திரத்தை என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.