சிரட்டைப் புகை

இரணியலில் மரம் அறுக்கும் மில், மாடி வீடு, தெருவுக்கே தண்ணீர் தரும் கிணறு, எல்லாம் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் உண்டாக்கியவை. நேற்று இஸ்திரிக்காரர் பெட்டியில் தேங்காய்ச் சிரட்டைக் கரி புகைந்தது. அந்த வாசனையில் பழைய நாள் ஒன்று திரும்பி வந்தது.

நாடு விடுதலையான புதிது. எங்கள் ஆட்களுக்குச் சாயாக்கடையில் கிளாஸ் கிடையாது. வாசலில் நின்று சிரட்டையில்தான் குடிக்க வேண்டும். ஒருநாள் அண்ணன் கிளாஸ் கேட்டான். கடைக்காரர் கொதிக்கும் சாயாவை அவன் முகத்தில் வீசினார். மத்தியானம் கடை சாத்தியதும் அண்ணன் தீப்பந்தத்தோடு, கடைக்காரரின் கடையும் வீடுமான அந்த ஓலைக்கூரையடியில் நின்றான்.

"அண்ணே, உள்ள அவருக்க பிள்ள தொட்டில்ல கிடக்குல்லா!"

"கிடக்கட்டும். அவனுக்க பிள்ளதானே? மாறுல."

"அது நமக்குச் சிரட்டையில ஊத்தலியே அண்ணே!"

என்னை மிதித்தான். எரிகிற பந்தத்தை வெறுங்கையால் பிடுங்கி ஓடையில் எறிந்தேன்.

"ஏலே, நீயும் அவனுக்க ஆளா?" என்று வெந்த முகத்தோடு அழுதான். அவன் கோபம் நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். பிள்ளையை எரிப்பது நியாயமில்லை.

பிறகு அங்கே எல்லாருக்கும் கிளாஸ் வந்தது. அண்ணன் பந்தம் எடுத்த பயத்தில் வந்தது என்று ஊர் பேசுகிறது. பேசட்டும். ஒரு பிள்ளை சாகாமலும், அண்ணன் தூக்கில் தொங்காமலும் இருந்தது யாரால்? நான் சாவதற்குள் ஒருவராவது அதைச் சொல்ல வேண்டும்.