புகை மணக்காத சுவெட்டர்

கியா பார்ம் மலைச்சந்தைக் கடையில் சோளம் சுட்ட விறகுப் புகை சுவெட்டரில் ஏறியதும், இன்று தேயிலைச் செடிகள் மூடிவிட்ட எங்கள் தோட்டப் பள்ளியின் வாசலுக்குப் போய்விட்டேன். பனிக்குள்ளிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் டீச்சர் குனிந்து பொத்தான் போட்டுவிடுவார்; காலையில் அடுப்பெரிந்த வீட்டுப் பிள்ளையின் சுவெட்டர் புகை மணக்கும், மணக்காத பிள்ளையிடம் மட்டும், "இன்னிக்கு நீ பால் காய்ச்சுலா," என்பார், காய்ச்சுகிற பிள்ளைக்கே முதல் குவளையும் பிஸ்கட்டும்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்க, அப்பா இருட்டோடு வேலைக்குப் போய்விட, அந்த வாரம் நான்தான் காய்ச்சினேன்.

"டீச்சர் மோந்து பாத்துட்டு என்னையத்தான்ப்பா கூப்பிடுறாங்க," என்று பெருமையடித்தேன். அப்பா என் சுவெட்டரை முகர்ந்து பார்த்தார்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தார். டீச்சர் என் பொத்தானைப் போட்டுவிட்டு, சிரித்தபடி அடுத்த பிள்ளையிடம் போனார். பால் காய்ச்சுகிற வேலை போயிற்றே என்று அழுதேன்.