ஹால்வரின் மேல்குரல்

பதினொரு வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு மீன் குடல் உருவப் போனவர் ஹால்வர். நாற்பதில் சொந்தப் படகு, ஐம்பதில் முந்நூறு ஆடு. ஒருத்தர் கையையும் எதிர்பார்த்ததில்லை. ஐஸ்லாந்தின் வடக்கே அந்தப் பள்ளத்தாக்கில் பழைய பாட்டுகள் உயிரோடு இருப்பதும் தன் தொண்டையால்தான் என்பார். யாரும் மறுத்ததில்லை.

செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கி, காதில் வெட்டிய அடையாளம் பார்த்துப் பிரித்து முடித்ததும், பட்டிச் சுவரோரம் நின்று இரட்டைப் பாட்டு பாடுவார்கள். மேல்குரல் ஹால்வர், கீழ்க்குரல் பக்கத்துப் பண்ணைக் கௌட்டி. முப்பத்தொரு வருஷமாக அதே ஜோடி.

இந்த வருஷம் ஆடு பிரிக்கும்போதே கௌட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க வந்திருக்கும் இல்லுகியோடு பாடப்போகிறாராம்.

"அவன் தாளைப் பாத்துப் பாடுறவன்யா. காத்தடிச்சா பாட்டும் சேந்து பறந்துடும்."

"தாளெல்லாம் இல்ல. பத்து நாளா என் அடுப்படியில உக்காந்துதான் பாடுறான்."

பத்து நாள்! ஹால்வருக்கு வயிறு எரிந்தது. பெண்டாட்டி ஓடிப்போன மாதிரி மூஞ்சியை வைத்திருக்கிறார் என்று கௌட்டியின் மனைவி எல்லோருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஆடு பிரித்து முடிந்து இருவரும் பாட ஆரம்பித்ததும், இல்லுகியின் குரல் எங்கே உடையும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார் ஹால்வர். பாட்டின் நடுவில் மேல்குரல் இறங்க, கீழ்க்குரல் அதைத் தாண்டி ஏற வேண்டும். இரட்டைப் பாட்டின் உயிரே அதுதான். ஹால்வர் ஒருநாளும் இறங்கியதில்லை. மேலே இருப்பவன் எதற்கு இறங்க வேண்டும்? கௌட்டியும் கீழேயே தங்கிப் பழகிவிட்டார். பாட்டே அப்படித்தான் என்று ஊரும் நம்பிவிட்டது.

இல்லுகி இறங்கினான். கௌட்டி ஏறினார்.

கையில் மதுக்குப்பி வைத்திருந்தவர்கள் வாயில் வைக்க மறந்தார்கள். ஹால்வரின் எரிச்சல் அப்போதே ஆள் மாறிவிட்டது. இல்லுகி கிடக்கிறான், இப்படி ஒரு குரலையா இந்தக் கௌட்டி மறைத்து வைத்திருந்தான்?

"எங்கூடப் பாடறப்ப ஏன்யா இப்படி ஏறல?"

"நீ எங்கய்யா வழி விட்ட?"

இல்லுகியைத் தோளால் நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றார் ஹால்வர். "திரும்ப எடு."

நடுப்பகுதி வந்தது. ஹால்வர் இறங்கினார். பழக்கமில்லாத ஆழம், குரல் சரளைக் கல்லில் சறுக்கியது. தலைக்கு மேலே கௌட்டி போய்க்கொண்டிருந்தார். பெண்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள், ஹால்வரை அல்ல. அவருக்கு உள்ளே பற்றி எரிந்தது. ஆனாலும் சுருதியை விடவில்லை. முடிவதற்குள் குரல்கள் இன்னொரு தரம் இடம் மாறும். அந்த அடி வரட்டும் என்று பல்லைக் கடிக்காத குறையாகக் கீழேயே பிடித்துக்கொண்டு நின்றார்.