மயிலுக்கு வெட்டிய கம்பளி

எங்கள் தேயிலைத் தோட்டத்து முருகன் கோயிலுக்குப் புதிய திரைச்சீலை வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதை நானே தைத்துத் தருவதாகச் சொன்னேன். சிவப்பு வெல்வெட்டின் நடுவே தோகை விரித்த மயில். உள்ளே அலங்காரம் முடியும்வரை வெளியே நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கப் போவது அந்த மயிலைத்தான்.

கோயில் தலைவருக்கு நம்பிக்கை இல்லை. “எதுக்கு டீச்சர் இந்தப் பாடு? பதுளையில சொன்னா பேனர் அடிச்சுத் தந்துருவாங்க. மழைக்கும் தாங்கும்” என்றார். திருவிழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை திரை வந்து சேராவிட்டால் பேனர்தான் என்று முடிவாயிற்று. அச்சடித்த மயிலின்முன் கைகூப்ப எனக்கு மனம் இல்லை. அந்தக் கெடுவுக்கு ஒப்புக்கொண்டேன்.

வெட்டினால் ஓரம் பிரியாத ஃபெல்ட் துணி, பதுளைக் கடையில் பள்ளிப் பிள்ளைகளின் கைப்பணிக்கான சிறு துண்டுகளாகவே கிடைத்தது. வீட்டில் நான் போர்த்திய நீலக் கம்பளி ஒன்று இருந்தது. அதில் உடலையும் கழுத்தையும் தோகையின் கண்களையும் வெட்டினேன். நெய்த துணியாதலால் ஓரமெங்கும் இழை பிரிந்தது. மடித்துத் தைத்தாலோ தடித்து, கழுத்தின் வளைவு கெட்டது.

கொழுந்து பறித்துவிட்டு வந்த நாத்தனார், கூடையை இறக்காமலே பார்த்தாள். “போத்திப் படுத்த கம்பளியையா சாமிக்கு முன்னால தொங்கவிடப் போறீங்க, அண்ணி?”

கம்பளிக்குத் தீட்டில்லை என்பது பழைய வழக்கு என்றேன்.

“அது உங்க புஸ்தகத்துல. நம்ம லயத்து வீடுகள்ல தீட்டு இருக்கு.”

மறுநாள் நான் நூல் வாங்கப் பதுளைக்குப் போயிருந்த வேளையில், வெட்டிய துண்டுகள் அனைத்தையும் கொதிக்கும் மஞ்சள் நீரில் முக்கி, பீலித் தண்ணீர் கொட்டும் கல்லில் அடித்துத் துவைத்து, அடுப்புக்குமேல் கொடியில் காயப் போட்டிருந்தாள். திரும்பி வந்து பார்த்தேன். துண்டுகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. நீலம் பச்சை தட்டியிருந்தது.

“மயில் எங்க? இது கோழியால்ல இருக்கு” என்றார் என் கணவர்.

“நீ சும்மா இருண்ணே. தீட்டு போனாப் போதும்” என்றாள் அவள். ஆனால் குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை.

நான் ஒரு துண்டை எடுத்து விரலால் ஓரத்தை நெருடினேன். இழை வரவில்லை. கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினேன், அப்போதும் பிரியவில்லை. கடையில் கிடைக்காத துணி அடுப்புக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

“மிச்சக் கம்பளியையும் மஞ்சள் போடாம கொதிக்க வை. இந்தத் தடவை முதல்ல அடி, அப்புறந்தான் வெட்டு” என்றேன்.

எஞ்சிய நீலம் சுருங்கியபின் உடலுக்கும் கழுத்துக்கும் மட்டுமே போதுமாயிருந்தது. தோகைக்கு இல்லை. நாத்தனார் உள்ளே போய்த் தன் பச்சைக் கம்பளியைக் கொண்டுவந்து வாளியில் போட்டாள்.

“குளுருமேடி” என்றேன்.

“குளுரட்டும். அந்தாளு பேனர் அடிச்சா அதவிட எரியும் எனக்கு.”

அதன்பின் அடுப்படியே எங்கள் தையற்கூடமாயிற்று. பள்ளி விட்டு வந்து நானும், மலையிலிருந்து வந்து அவளும் எதிரெதிரே அமர்ந்து தைத்தோம். கழுத்துக்குச் சங்கிலித் தையல். தோகைக் கண்களுக்கு நிரப்புத் தையல். கொழுந்துக் கறை படிந்த விரல்களில் ஊசி குத்தும்போதெல்லாம் அவள் தலைவரைத்தான் வைதாள். முதலில் சுருங்கிய துண்டுகளை எறிய எனக்கு மனம் வரவில்லை. வெல்வெட்டின் வெட்டுத் துண்டில் கொண்டை வைத்து, அவற்றைச் சேவலாக்கி, மேல் மூலையில் கொடியேற்றினேன்.

வெள்ளிக்கிழமை தலைவர் திரையைக் கையால் தடவிப் பார்த்தார். “சேவல் நான் கேக்கலியே, டீச்சர்” என்றார்.

“அது தானா வந்துச்சுங்க” என்றாள் நாத்தனார்.

தலைவர் திரைக்குக் கம்பி கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். கட்டுவதற்குமுன் நாத்தனார் மஞ்சள் நீர்ச் செம்போடு வந்து நின்றாள். நான் செம்பைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

“ம், தெளி” என்றேன்.