பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரு வரி

தேனப்பன் பிள்ளையார் சுழி போடாமல் எதையும் தொடங்கமாட்டார். கணினி நிரலிலும் அப்படித்தான். முதல் வரியில் 'உ', அதற்கடியில் அந்த நிரலிலேயே முக்கியமான வரி. ஊரில் செய்ததைச் சைகோனிலும் செய்தார், அவ்வளவுதான். அதுவே அவரைக் கட்டிப்போட்டது.

டான் சோன் நாட் விமான நிலையத்தருகே கரியமாணிக்கம் அண்ணனின் சரக்கு அலுவலகத்தில் எங்களுக்கு வேலை. பெட்டி வந்திறங்கியதும் வாடிக்கையாளரின் கைப்பேசிக்குத் தானாகச் செய்தி போகும்: 'சரக்கு வந்துவிட்டது. பொறுப்பு: இன்னார்.' இன்னார் என்ற இடத்தில் அன்று பணியிலிருப்பவரின் பெயரும் எண்ணும் விழும்படி தேனப்பன்தான் எழுதியிருந்தார்.

அவர் மனைவி சிவகாமி தலைப்பிரசவத்துக்காகத் தேவகோட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். நாள் நெருங்கியதும் விடுப்புக் கேட்டார்.

"ரோஜேகிட்ட வேலைய ஒப்படைச்சிட்டுத் தாராளமாப் போய்ட்டு வாப்பா" என்றார் முதலாளி.

ரோஜே இங்கேயே பிறந்து வளர்ந்த புதுச்சேரிக் குடும்பத்துப் பையன். அதுவரை பணிப்பட்டியலில் தேனப்பன் பெயர் மட்டுமே இருந்தது. இப்போது அவன் பெயரைப் போட்டும், செய்தி தேனப்பன் பேரில்தான் போனது. "ஆன் தேன்!" என்று அண்ணன் முறை வைத்து வியட்நாம் வாடிக்கையாளர்கள் இவரையே கூப்பிட்டுக் குடைந்தார்கள்.

"ஒனக்குப் போன் வர்றது நிக்கட்டும், அப்பறம் கெளம்பு" என்று முதலாளி சொல்லிவிட்டார். மனுஷன் சோறு தண்ணி இல்லாமல் நிரலைத் துழாவினார்.

கோளாறு சுழிக்கடியில்தான். முக்கியமானது என்று செய்தி வாக்கியத்தை அங்கேயே வைத்திருந்தார். பணிப்பட்டியலைப் படிக்குமுன்பே, சும்மா நிரப்பி வைத்த அவர் பெயர் அதில் விழுந்து, சிமெண்டில் எழுதியதுபோல் இறுகிவிட்டது. பிறகு பெயரை மாற்றி என்ன பயன்? வாக்கியத்தைப் பெயர்த்து, அனுப்பும் கட்டளையின் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதினார். இனி ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் பெயர் புதிதாக விழும்.

அடுத்த பெட்டிக்கு ரோஜேயின் போன் அடித்தது. தேனப்பன் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார்.

முதலாளிக்கும் தலைகால் புரியவில்லை. "ஒத்த வரியில முடிச்சிட்டியே! நீ இல்லாட்டி நாறிப் போயிருக்கும். ஒன்ன எப்படிப்பா அனுப்புறது? அடுத்த மாசம் பாப்போம்."

எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வாரமே பெண் குழந்தை. "அப்பாவப் பாரு" என்று சிவகாமி கைப்பேசியில் காட்டியதும் அவர் வாய்விட்டு அழுதார். பக்கத்தில் முதலாளி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்.