ஒதுக்குக்குள் ஒரு காம்பரா

புது அறைக்குள் வைத்த கல்லுக்குப் பக்கத்தில் சூலத்தைக் குத்தி நிறுத்தி, அடியில் ஈரச் சீமெந்தை அமுக்கினாள் ரெங்கம்மா. வளைவில் ஜீப் உறுமியது.

"மஞ்சளக் கொண்டாடா, சீக்கிரம்."

மகன் சதீஸ்குமார் கதவில்லாத வாசலை அடைத்து நின்றான். "கல்யாணத்துக்குக் கட்டுன ரூமு. மொதல்ல அம்மன் குடி வருதாக்கும்."

"வாய மூடு. நெத்தியில துன்னூற இழு."

ரூம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், இவர்களுடைய கடைசிக் காம்பராவை ஒட்டி மூன்று பக்கம் சீமெந்துக் கல், மேலே தகரம். அவனுக்கு லுணுகலையில் துஷாந்தினி என்றொரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா வந்து இவர்களுடைய ஒற்றைக் காம்பராவைப் பார்த்தார். அடுப்பும் கட்டிலும் தண்ணீர்க் குடமும் ஒரே சுவருக்குள். "புள்ள எங்க படுக்கும்?" என்று மட்டும் கேட்டார். தனியாக ஒரு அறை எழும்பினால் தையில் கல்யாணம். இல்லையென்றால் இல்லை.

ரெங்கம்மாவால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. இதே காம்பராவில் சேலைத் திரைக்கு இந்தப் பக்கம், மாமனாரின் இருமலைக் கேட்டுக்கொண்டே குடும்பம் நடத்தியவள் அவள். மாமனார் போனார், புருஷனும் போனான். கொழுந்துக் கூடை மட்டும் முதுகை விட்டுப் போகவில்லை. வருகிறவளுக்காவது ஒரு சுவர் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அந்தச் சுவருக்குத்தான் இடமில்லை. பள்ளத்தில் புது நீர்த்தேக்கம் நிறைந்தபோது கீழ் லயங்கள் முங்கின. அங்கிருந்தவர்களுக்கு ரோட்டோரம் காணியும் வீடும் கிடைத்தன. மேல் லயத்துக்குத் தண்ணீர் வரவில்லை, வாசலுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"இன்னும் பத்தடி ஏறியிருந்தா நாமளும் வீட்டுக்காரவுங்கதான்," என்று பக்கத்துக் காம்பரா சூசையம்மா அடிக்கடி சொல்வாள்.

தண்ணீர் நின்ற பிறகு ஆட்கள் வந்து, லயத்துக்குப் பின்னால் சிவப்புத் தலைக் கட்டைகளை நட்டார்கள். கரையிலிருந்து கட்டை வரை நீர்த்தேக்க ஒதுக்கு. இருக்கிற லயம் இருக்கலாம். புதிதாக ஒரு கல் வைக்கக் கூடாது, மரக்கறித் தோட்டமும் போடக் கூடாது. கட்டைக்கு மேலே உள்ள தேயிலை மலையைச் சுற்றுலா விடுதிக்கென்று பிரதேச சபையின் வரைபடத்தில் நிறம் தீட்டியாயிற்று. கீழே தண்ணீர், மேலே வேலி.

ஆனால் தோட்டத்தை நடத்திய எந்தத் துரையும் சாமியை அசைத்ததில்லை. ரோட்டை அகலமாக்கியபோதுகூட மாடசாமிக் கல்லைச் சுற்றித்தான் ரோடு வளைந்தது. மீறி எழுப்பிய சுவரைச் சபையிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்ததும், ரெங்கம்மா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்தாள். ஜீப் போனதும் எடுத்துவிடலாம்.

இறங்கியவர் சபையின் தொழில்நுட்ப அதிகாரி ஹாஷிம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது எப்ப வந்த கோயில் உம்மா?"

"எங்க தாத்தா காலத்துச் சாமிங்க. மழையில நனையுதேன்னு செவுரு வச்சோம்."

அவர் ஈரச் சீமெந்தை விரலால் தொட்டார். "சாமிக்குப் பேரு?"

ரெங்கம்மா வாசலுக்குக் கீழே கரையைப் பார்த்தாள். "கரைமாரிங்க."

"ரூம் என்டா உடைக்கச் சொல்லத்தான் வேணும். கோயில்ல நான் கை வைக்க மாட்டேன். வணக்கஸ்தலம் என்டே பதிஞ்சிடுறேன்."

ஜீப் திரும்பிப் போனதை லயமே வாசலில் நின்று பார்த்தது. சற்று நேரத்தில் எலுமிச்சம்பழ மாலை வந்தது. சூசையம்மா மெழுகுதிரியோடு வந்தாள். "மாதாவோ மாரியோ, ஜீப்பத் திருப்பி விட்டாளே!" கோயில் கமிட்டித் தலைவர் வீரய்யா கற்பூரம் கொளுத்தி, வெள்ளிக்கிழமை பூசை என்று அறிவித்தார்.

சதீஸ்குமார் போய்ச் சூலத்தைப் பிடுங்கப் பிடித்தான். வீரய்யா அவன் கையைத் தட்டிவிட்டார்.

"கை வெளங்காமப் போயிரும்டா. ஒங்கம்மாவக் கேளு."

எல்லோரும் ரெங்கம்மாவைப் பார்த்தார்கள். பொய் என்று சொன்னால் லயம் அவளைச் சும்மா விடாது. லயம் விட்டாலும் ஹாஷிம் காதுக்குப் போகும், சுவர் போய்விடும். கற்பூரம் கல்லின் மஞ்சளில் பளபளத்தது. அவள் கைகள் தாமாகக் குவிந்தன.

"எம்மா," என்றான் மகன். அவள் திரும்பவில்லை.

மறுநாள் ரெங்கம்மா காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்து, மேல் மலையில் கொழுந்து பறித்தாள். மத்தியானம் லுணுகலையிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். ரூம் எங்கே என்று கேட்டார். சதீஸ்குமார் கையைக் காட்டினான். அவர் உள்ளே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி பஸ்ஸுக்கு நடந்தார். சாயங்காலம் தொலைபேசியில் அழைத்து மகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வீரய்யா மணி கட்டத் தகரத்துக்குக் கீழே கம்பி வைத்தார். கொஞ்சம் தூறியது. சதீஸ்குமார் காம்பராவுக்கு வெளியே, இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தான்.